அனந்தபுரத்து அடையும் ஆணியில் தொங்கிய மேண்டலினும்

கையில் சுடச்சுட ஒரு கேப்பை அடை. கடைக்காரி பூவரச இலையில் வைத்துக் கொடுத்திருந்தாள். சூடு இலையைத் தாண்டி உள்ளங்கையில் ஏறுகிறது. அடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டே, பார்க்கக் கூடாத இடத்தைப் பார்க்காமல் இருக்க நான் படாத பாடு படுகிறேன்.

பார்க்கக் கூடாத இடம் கடைக்காரியின் தலைக்கு மேலே இருந்தது. கீற்றுக் கொட்டகையின் நடுக்கம்பத்தில் ஓர் ஆணி. ஆணியில் ஒரு மேண்டலின். கம்பியை முறுக்குகிற பிருடை ஒன்றில், எண்ணெய்க் கரண்டியை மாட்டி வைத்திருந்தாள்.

"அண்ணாந்து பாக்காதம்மா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு என் காதோரம் சொன்னார் கூட வந்திருந்த நயினார். உடனே குரலை உயர்த்தி, "இந்த முருங்கைக் கீரை எந்த ஊருதுங்க? இந்த மாதிரி வாசனைய நான் எங்கியும் பாத்ததில்ல" என்று கடைக்காரியைக் கேட்டார்.

அவருக்கு அந்தக் கீரையின் மேல் ஒரு துளி அக்கறையும் கிடையாது. எனக்கும்தான்.

நாங்கள் மூன்று பேர்

எண்பதுகளின் நடுப்பகுதி. நான் விழுப்புரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தேன். காதில் மாட்டியதைக் கழற்றாமல், அடுத்தவர்களின் அவசரத்தை நாள் முழுக்க இணைத்துக் கொடுக்கிற பிழைப்பு. ஊரே யாருடனோ பேசிக்கொண்டிருக்கும். நான் மட்டும் "லைன்ல இருங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பேன். டூட்டி முடிந்து வெளியே வந்தால் கால் ஓர் இடத்தில் தரிக்காது. வீட்டுக்காரர் ரயில்வேயில் கார்டு. "என் பொண்டாட்டி இப்ப எந்த பஸ்ஸுல இருக்காளோ" என்று கூட்டாளிகளிடம் கேலி பேசுவாராம். பேசட்டும். அவர் மட்டும் வீட்டிலா இருந்தார்?

என் முதல் மேண்டலின் ரயில்வே காலனியில் கிடைத்தது. ஆங்கிலோ இந்திய டிரைவர் குடும்பம் ஒன்று ஊரைவிட்டுக் கிளம்பும்போது, சாமான்களை வாசலில் பரப்பி விற்றார்கள். நான் போனது இஸ்திரிப் பெட்டி வாங்க. அந்த மேண்டலினின் முதுகில் வெயில் சாய்வாக விழுந்திருந்தது. உளி போன தடம் தெரிந்தது. மெஷினில் பிறந்ததில்லை, எவனோ மடியில் வைத்துச் செதுக்கியிருக்கிறான் என்று புரிந்ததும் எனக்கு இஸ்திரிப் பெட்டி மறந்து போனது. அன்று பிடித்த பைத்தியம். வாசிப்பு இன்றுவரை சுமார்தான்.

இரண்டாவது ஆள் அப்பாண்டைராஜ் நயினார். திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி, அதாவது வேர்க்கடலை மண்டி வைத்திருந்தார். செஞ்சிப் பக்கத்துப் பழைய சமணக் குடும்பம். பொழுது சாய்ந்துவிட்டால் சாப்பிட மாட்டார். அதனால் அவரோடு போகிற பயணமெல்லாம் சூரியனோடு ஓடுகிற ஓட்டம்தான். மத்தியானம் தாண்டினாலே "ஜல்தி, ஜல்தி" என்று ஆரம்பித்துவிடுவார். சேர்த்த பெட்டிகளை, மேண்டலினை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், வேட்டியில் சுற்றி, மண்டி மாடியில் மூட்டைகளுக்கு நடுவே வைத்திருந்தார். மழைக்கால ஈரத்தை மல்லாட்டை இழுத்துக்கொள்ளும், மரம் ஊதாது என்பது அவர் கட்சி. சரியா தப்பா என்று எனக்கு இன்னும் தெரியாது.

மூன்றாவது ஆள் கபூர் பாய். விழுப்புரம் ஜங்ஷனுக்கு எதிரே ஓர் ஓட்டலில் பரோட்டா மாஸ்டர். திருவிழாக் காலம் வந்தால் ஒரு மெல்லிசைக் குழுவில் மேண்டலின் வாசிப்பார். நாங்கள் இரண்டு பேரும் சேர்க்கிறவர்கள், அவர் வாசிக்கிறவர். இந்த வித்தியாசத்தை அவர் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மண்டி மாடியில் கூடுவோம். பேச்சு பாதி மரம், பாதி பலகாரம். குடைந்து செய்ய பலா நல்லதா வேங்கை நல்லதா என்று தொடங்கும். குடைக் கம்பியை நறுக்கிக் கழுத்தில் குறுக்கே மெட்டு பதிப்பவர்கள், சைக்கிள் பிரேக் ஒயரைப் பிரித்துத் தந்தி போடுபவர்கள், பிஸ்கட் டின்னை வெட்டி வால்பகுதிக்குத் தகடு செய்பவர்கள் என்று போகும். நடுவில் யாராவது பொட்டலத்தைப் பிரிப்பார்கள். அவ்வளவுதான், விழுப்புரம் ஸ்டேஷன் ரோட்டு மசால் வடை உசத்தியா, திண்டிவனம் பஸ் ஜன்னலில் நீட்டுகிற அவித்த மல்லாட்டை உசத்தியா என்று சண்டை மூளும். நயினார் மல்லாட்டையை விட்டுக்கொடுக்க மாட்டார். வியாபாரி அல்லவா.

பஸ் மேலே போன பெட்டி

அந்த வருஷம் பங்குனியில் கபூர் பாயின் மேண்டலின் நசுங்கியது. கச்சேரிக்குப் போகும்போது வாத்தியங்களை பஸ்ஸின் மேலே ஏற்றியிருந்தார்கள். வழியில் யாரோ ஏற்றிய சிமெண்ட் மூட்டை அதன் மேல் உட்கார்ந்துவிட்டது. இறக்கிப் பார்த்தால் பெட்டி அப்பளம். அவர் கம்பிகளை மட்டும் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார்.

எங்களிடம் இத்தனை இருக்கிறதே, ஒன்று கொடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கொடுத்தோம். மாற்றி மாற்றிக் கொடுத்தோம். பரோட்டா மாவு அடித்து அடித்து அவர் விரல்கள் வாழைக்காய் பருமன். எங்களிடம் இருந்தவற்றின் கழுத்து குறுகல். ஒரு கம்பியை அழுத்தினால் பக்கத்துக் கம்பியும் சேர்ந்து அமுங்கியது. அவருடைய பழையது அகலக் கழுத்து, அவர் கைக்கென்றே ஒருவர் செய்து கொடுத்தது. செய்தவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

குழுவில் அவரை உடனே நிறுத்திவிடவில்லை. கையில் ஒரு ஜோடி கிலுகிலுப்பையைக் கொடுத்து ஓரமாக நிற்கவைத்தார்கள். ஒரு கோயில் கச்சேரிக்கு நானும் போயிருந்தேன். மேண்டலின் வரவேண்டிய இடம் வந்ததும் அவர் இடது கை விரல்கள் தானாக வேட்டியின் மேல் ஓடின. பார்க்கச் சகிக்கவில்லை எனக்கு. ஆடி மாதம் கூழ் வார்த்தலுக்குள் ஒரு பெட்டி தேற்றாவிட்டால் கிடார் பையன் ஒருவனைச் சேர்த்துக்கொள்ளப் போவதாகக் குழுத்தலைவர் சொல்லியிருந்தார்.

அப்போதுதான் நயினாரின் மண்டிக்கு மூட்டை கொண்டுவந்த விவசாயி ஒருவர் வாய்விட்டார். அனந்தபுரத்தில் சந்தைக்குப் போகிற வழியில் அஞ்சலை என்றொரு பெண் அடைக்கடை வைத்திருக்கிறாள். அவள் புருஷன் வண்டிப் பட்டறையில் தச்சு வேலை பார்த்தவன். பலாக்கட்டையைக் குடைந்து ஒரு மேண்டலின் செய்தான். அதை வாசித்துப் பழகினான். பழகினதும் ஒரு நாடகக் கம்பெனியோடு, பெண்டாட்டியையும் பெட்டியையும் விட்டுவிட்டு ஓடிப்போனான். பெட்டி இன்னும் கடையில் தொங்குகிறது. கழுத்து எப்படி என்று நயினார் கேட்டார். "ஒலக்க மாதிரிங்க" என்றாராம் விவசாயி.

துண்டுக்கு அடியில்

மாட்டுச் சந்தைக்குப் போயிருப்பவர்களுக்குத் தெரியும். தரகரும் மாட்டுக்காரரும் கையைக் கோத்து, மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார்கள். விலை முழுக்க அந்தத் துண்டுக்கு அடியில் விரலால் நடக்கும். வாய், மழையைப் பற்றியும் மச்சான் கல்யாணத்தைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்கும். மாட்டை யாரும் பார்க்க மாட்டார்கள். பார்த்தால் விலை ஏறும்.

நயினார் இந்த வித்தையை மேண்டலினுக்குக் கொண்டுவந்தார். பெட்டி இருக்கிற வீட்டுக்குப் போனால் பெட்டியைப் பார்க்கக் கூடாது. பலகாரம் பேச வேண்டும். முதல் தடவை போய் வருவது, இரண்டாம் தடவை பழகுவது, மூன்றாம் தடவை கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே "அதென்னா அது, சும்மா கெடக்குது?" என்பது.

பலித்தும் இருக்கிறது. ஓமந்தூரில் பேண்டு வாத்தியக்காரர் ஒருவர் வீட்டில் மொச்சைச் சுண்டலைப் பற்றியே பேசினோம். மூன்றாவது முறை அவர் அம்மா, மேண்டலினைத் தூக்கி, "இடத்த அடைச்சிக்கினு கெடக்குது, எடுத்துக்கினு போங்க" என்று எங்கள் மடியில் வைத்துவிட்டார். அதிலிருந்து நயினாருக்குத் தலைகால் புரியவில்லை.

கபூர் பாய்க்கு மட்டும் இது ஒத்துவராது. பொய் சொல்லத் தொடங்கினால் காது சிவந்துவிடும். அதனால் அனந்தபுரம் பஸ்ஸிலேயே நயினார் அவருக்கு உத்தரவு போட்டார். "பாய், நீ துன்னு. வாயத் தொறந்து பேசாத."

கரண்டி மாட்டிய மேண்டலின்

ஆக, அந்த அடைக்கடையில் நின்றோம். அஞ்சலைக்கு நாற்பது வயதுக்குள் இருக்கும். ஒடிசலான உடம்பு, வேகமான கை. நயினார் கேட்டதற்காக வெங்காயம் போடாமல் தனியாகத் தட்டிக் கொடுத்தாள். நாங்கள் எங்கிருந்து வருகிறோம் என்று கேட்டாள். விழுப்புரம், திண்டிவனம் என்றதும் கை ஒரு நொடி நின்றது.

"அம்மாந் தூரத்துலேர்ந்து அடை துன்னவா வந்தீங்க?"

"பின்ன? உன் அடையப் பத்தி மண்டி பூராப் பேச்சு" என்றார் நயினார் கூசாமல்.

நான் குனிந்து காசைத் தேடுகிற சாக்கில் ஓரக்கண்ணால் மேண்டலினைப் பார்த்தேன். ஒரே கட்டையில் குடைந்த வயிறு. புகை ஏறிக் கறுத்திருந்தது, வெடிப்பு இல்லை. கழுத்து தாராளம். கபூர் பாயின் விரல்களை அளவெடுத்துச் செய்த மாதிரி.  கேட்டுவிடு, இப்போதே கேட்டுவிடு என்று நாக்கு துடித்தது. நயினார் என் செருப்பை மிதித்தார்.

வெளியே வந்ததும் சண்டை போட்டேன். ஆடி வரப்போகிறது, இன்னும் எத்தனை தடவை அலைவது என்றேன். "அவசரப்பட்டா காரியம் கெட்டுப்பூடும்மா" என்று மேற்கே வெயிலைப் பார்த்தபடி நடந்தார் நயினார். அவசரத்தைப் பற்றி எனக்குச் சொல்ல வந்துவிட்டார். கபூர் பாய் இலையைக்கூடத் தூக்கிப் போடாமல் கையில் வைத்துக்கொண்டு பின்னால் வந்தார்.

இரண்டாம் முறை போனபோது அஞ்சலை எங்களைத் தூரத்திலேயே அடையாளம் கண்டுகொண்டாள். பெஞ்சைத் துடைத்துப் போட்டாள். அடையில் மல்லாட்டையை இடித்துச் சேர்த்திருந்தாள். "இன்னிக்கி புச்சா ஒண்ணு பண்ணிருக்கறேன். எப்பிடி இருக்குது, கொற இருந்தா சொல்லுங்க" என்று எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நயினாருக்கு உற்சாகம் கரைபுரண்டது. மொறுமொறுப்பைப் புகழ்ந்தார், பதத்தைப் புகழ்ந்தார். கடைசியில், "இந்தக் கைய வச்சிக்கினு இங்க ஏன் ஒக்காந்துக்கினு இருக்கற? திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுல ஒரு வண்டி போட்டியானா கூட்டம் அள்ளும்" என்றார். நானும் தலையாட்டினேன். வாயில் இருந்தது உறைப்பா உப்பா என்றே எனக்குத் தெரியாது. மனசு முழுக்க ஆணியில் இருந்தது. கபூர் பாய் எதையோ சொல்ல வந்து, நயினாரைப் பார்த்துவிட்டு, மென்று விழுங்கினார்.

நீல வண்டி

மூன்றாவது தடவை போனோம். கபூர் பாய் சுருட்டி வைத்திருந்த தன் பழைய கம்பிகளைச் சட்டைப் பையில் எடுத்து வந்திருந்தார். கொட்டகை இருந்தது, அடுப்பு இல்லை. ஆணி இருந்தது, மேண்டலின் இல்லை. பக்கத்து டீக்கடைக்காரர்தான் சொன்னார், அஞ்சலை திண்டிவனத்துக்கே போய்விட்டாள் என்று.

அடுத்த திண்டிவனம் பஸ்ஸைப் பிடித்தோம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பஸ் நின்றது எனக்கு வேண்டுமென்றே செய்வது போல இருந்தது. சாமான்களோடு மேண்டலினும் போயிருக்கும், எங்கே போய்விடப் போகிறது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன்.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில், பாண்டிச்சேரி பஸ்கள் திரும்புகிற மூலையில் புதுத் தள்ளுவண்டி ஒன்று நின்றது. பளீரென்ற நீல பெயிண்ட், வாசனைகூடப் போகவில்லை. பின்னால் அஞ்சலை. எங்களைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்த மலர்ச்சியை நான் என்னவென்று சொல்ல. மத்தியானம் ஆகியும் மாவுப் பாத்திரம் விளிம்புவரை இருந்தது. அதை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

"சார் சொன்ன மாதிரியே வந்துட்டேன்" என்றாள்.

நயினாரின் கண் வண்டியின் மேலும் கீழும் அலைந்தது. அத்தனை வருஷத்து மண்டி வித்தையெல்லாம் எங்கே போயிற்றோ, நேராகக் கேட்டுவிட்டார். "அங்க ஆணில ஒண்ணு தொங்கிக்கினு இருந்துதே?"

"அதா? வண்டி செஞ்ச ஆசாரி கேட்டாரு. வண்டிக்கு ஈடாக் குடுத்துட்டேன். அவரு அத அன்னிக்கே, பழஞ்சாமான் வாங்கற பாண்டிச்சேரிக்காரங்க கிட்ட தள்ளிட்டாராம்."

கபூர் பாயின் கை சட்டைப் பைக்குப் போனது. அங்கேயே நின்றது.

அஞ்சலை பேசிக்கொண்டே போனாள். அந்தப் பாண்டிச்சேரிக்காரர்கள் முன்பே பலமுறை அனந்தபுரம் வந்திருக்கிறார்களாம். "வந்து நின்னதும் அண்ணாந்து ஆணியத்தான் பாப்பாங்க. எறக்கு, வெல சொல்லுன்னுவாங்க. கல்லுல வேவறத ஒருத்தனும் பாக்க மாட்டான். வுட்டுட்டு ஓடனவன் செஞ்சத ஊரே கேக்குது, ஒக்காந்துக்கினு நான் செய்யறத ஒருத்தரும் கேக்கல. அந்த வவுத்தெரிச்சல்லதான் எவனுக்கும் தர்றதில்லன்னு இருந்தேன்."

கரண்டியால் கல்லைச் சுரண்டினாள்.

"நீங்க மூணு பேருதான் அந்தப் பக்கம் திரும்பியே பாக்கல. வந்த ரெண்டு வாட்டியும் அடையப் பத்தியே பேசினீங்க. அப்பறம்தான் எனக்கு தைரியம் வந்துச்சி. ஆசாரி வூட்டுக்கு நடையக் கட்டினேன்."

நயினார் பாண்டிச்சேரி பஸ் போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அது அவளை உறுத்தியிருக்க வேண்டும். நயினாரின் முகத்தைப் பார்த்தாள், பிறகு என் முகத்தை. சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

"சார் ஏன் அத இப்ப கேக்கறாரு? நீங்களும் அதுக்குத்தான் வந்தீங்களா?"

நயினார் குனிந்து செருப்பு வாரை இழுத்துவிட்டார். பேச்சை இணைத்து இணைத்தே சம்பளம் வாங்குகிற நான் கைப்பையில் சில்லறை தேடினேன். ஊரைக் காலி செய்துகொண்டு வந்து நிற்கிறாள். வண்டியைத் தவிர அவளிடம் வேறொன்றும் கிடையாது. அந்த வண்டி நாங்கள் சொன்ன பொய்யின் மேல் நிற்கிறது. 

கபூர் பாய்தான் பேசினார்.

"அடைக்குத்தாம்மா வந்தோம். இன்னிக்கும் அதுக்குத்தான் அனந்தபுரம் போய்ட்டு வர்றோம். எங்க நயினாருக்கு எதப் பாத்தாலும் வெசாரிக்கணும், நீ கண்டுக்காத." அவர் காது சிவக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். "ஆளுக்கு ஒண்ணு போடு. கொஞ்சம் மெல்லிசாத் தட்டு. பஸ்ஸுக்கு ஓடறவன் ஓடிக்கினே துன்னணும்."

அந்த ஆடி முழுக்க அவர் கிலுகிலுப்பைதான் ஆட்டப் போகிறார் என்பது அந்த நிமிஷம் அவருக்குத் தெரியும். எங்களுக்கும் தெரியும். நயினார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருந்த இரண்டு பேரை வண்டிப் பக்கம் கூட்டிவரப் போனார்.

அஞ்சலை மெல்லிசாகத் தட்டினாள். முதல் அடையை எனக்குத்தான் கொடுத்தாள். ஊதி ஊதித் தின்றேன். பார்க்க வேண்டிய ஆணி எதுவும் இல்லாததால், அன்றுதான் முதல் தடவையாக அதன் ருசி நாக்குக்குத் தெரிந்தது. கீரை நல்ல பதம். மல்லாட்டை வாசனை தூக்கியது. ஆனால் ஒன்று இடித்தது. இனி இவளிடம் பொய் சொல்லக் கூடாது என்று தோன்றியது.

"அஞ்சல, உப்பு ஒரு கல்லு ஜாஸ்தியா இருக்குது" என்றேன்.

அவள் ஓரத்தில் கொஞ்சம் பிய்த்து வாயில் போட்டுப் பார்த்தாள். யோசித்தாள். தலையை ஆட்டினாள்.

"ஆமாக்கா. எப்பவும் இப்பிடித்தான் போடறேன்" என்றாள். "இத ஏன்க்கா மொத நாளே சொல்லல?"